மல்லம்மா நறுக்கின ஒத்தத் தக்காளி

எங்க எருதுக்கொட்டாயில தக்காளிய நறுக்கினா, அந்தச் செடிய நட்டவன் ஒடம்பு அறுபடும். ஒரு ஊருல தண்ணி உப்பு, ஒரு ஊருல காத்து ஜாஸ்தி, எங்க ஊருல தக்காளி இப்படி, அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நான் சொல்ல வந்தது, மல்லம்மா ஒரு வெள்ளக்காரருக்கு விருந்து வெக்கறன்னு ஒத்தத் தக்காளிய எட்டு வில்லையா நறுக்கப் போயி, அந்த எட்டையும் தின்னு முடிக்கறதுக்குள்ள ஊரு பட்ட பாட்ட. ஆனா நீங்க வெளியூரு, மொதல்லருந்து சொன்னாத்தான் புரியும்.

ஒம்பது வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கெழம காலைல, முனிரத்னம் சலூன்ல மூஞ்சி பூரா நொரையோட கண்ண மூடிக்கினு ஒக்காந்திருக்கான், வீட்டுல அவன் பொண்டாட்டி துளசியம்மா ரசத்துக்கு ஒரு தக்காளிய ரெண்டா அறுக்கறா, இங்க முனிரத்னத்துக்குத் தோள்லருந்து இடுப்பு வரைக்கும் பனியனோட சேத்து பொளந்துக்கிச்சு. சலூன்ல கத்தியோட நின்னது யாரு? கடக்காரன் தேவராஜு. "அண்ணா, நான் இன்னும் மீசையக்கூடத் தொடலண்ணா!"ன்னு அவன் கத்துறான், கேப்பாங்களா? அடிச்ச அடியில தேவராஜுக்கு ரெண்டு முன்பல்லு போச்சு, வலது கை மணிக்கட்டு போச்சு. முனிரத்னத்த ஆஸ்பத்திரில போட்டு முப்பத்தியாறு தையல் போட்டாங்க. மறுநாளு துளசியம்மா புருசனுக்குச் சோறு கொண்டு போவணும்னு, பாவம், ஆசையா நாலு தக்காளி அறுத்தா. கட்டில்ல படுத்திருந்தவன் படுத்தபடியே துண்டு துண்டாப் போனான். நர்சு அப்பத்தான் ஊசி போட்டுட்டுத் திரும்பறா. அவளுக்கும் அடி.

துளசியம்மாவுக்குத்தான் மொதல்ல ஒறச்சுது. பலகையில துண்டு, கையில கத்தி, காதுல செய்தி. மூணு நாளு வாயத் தெறக்காம இருந்தா, நாலாம் நாளு பஞ்சாயத்துல வந்து நின்னு சொன்னா. யாரும் சிரிக்கல. சோதிச்சுப் பாத்துடுவோம்னாங்க. குடிச்சுட்டு வந்த கெம்பன் "நான் நட்ட செடியில பாருங்கடா"ன்னு நெஞ்சத் தட்டிக்கினு முன்னாடி வந்தான். பழத்துல ஊசி குத்தினாங்க, கெம்பன் காதுல ரத்தப் பொட்டு. காம்புப் பக்கம் தல, அடிப்பக்கம் காலுன்னு அப்பத் தெரிஞ்சுது. மெல்லிசா சீவினாங்க, தோலு மட்டும் விட்டுச்சு. தடிமனா அறுத்தாங்க, எலும்பு தெரிஞ்சுது. பல்லால கடிச்சாங்க, ஒண்ணும் ஆவல. கையால பிசைஞ்சாங்க, "யோவ், கூசுதுய்யா!"ன்னு கெம்பன் நெளிஞ்சான். ஊரு எல்லையில வேகத்தடை இருக்கே, அதத் தாண்டிக் கொண்டுபோயி அறுத்தாங்க, வெறும் தக்காளி. ஆனா பழந்தான் ஊருக்குள்ள இருக்கணும், ஆளு எங்கவேணா இருக்கலாம். துபாய்ல குளிச்சுக்கினு இருந்த வெங்கடாசலம் மகன் குளியலறையிலயே பாதி ரத்தத்த விட்டான்.

இன்னொண்ணும் கத்துக்கிட்டாங்க, அது கெம்பன் கால்ல கத்துக்கிட்டது. அறுத்த துண்டயெல்லாம் தின்னுட்டா காயம் தழும்பில்லாம மூடிக்கும். அன்னைக்கு சோதன முடிஞ்சு எல்லாரும் உப்பு தொட்டு தின்னுட்டாங்க, அடித்துண்டு ஒண்ணு மட்டும் ஆட்டுக்கல்லுக்குப் பின்னாடி உருண்டு போயிடுச்சு. அது அங்க அழுவ அழுவ இங்க கெம்பன் கணுக்கால் அழுவிச்சு. கண்டுபுடிக்கறதுக்குள்ள முட்டி வரைக்கும் எடுத்துட்டாங்க. அன்னையிலருந்து எங்க ஊருல நறுக்கின தக்காளிய எவனும் மிச்சம் வெக்கறதில்ல, விருந்தாளி எலையில தோலு ஒட்டியிருந்தாக்கூட வழிச்சுத் தின்ன வெச்சுட்டுத்தான் கை கழுவ விடுவாங்க.

ஊரு பழகிடுச்சு. ரசத்துக்குக் கையால பிசைஞ்சாங்க, கொழம்புக்கு முழுசாப் போட்டாங்க, பொண்ணு பாக்கப் போன எடத்துல "கத்தியில்லாம சமைக்கத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. கம்பவுண்டர் சிவலிங்கம் டெய்லரோட பங்கு சேந்து மொத்தமா நூலு வாங்கினாரு. எஸ்.ஐ. வந்து நோட்டப் பிரிச்சு, "ஆயுதம் என்ன?"ன்னு கேப்பாரு. "தக்காளி சார்." "தக்காளி எங்க?" "தின்னுட்டம் சார்." "ஆயுதத்த ஏன்யா தின்னீங்க?" "காயம் ஆறணுமே சார்." அவரு பேனாவ மூடி, மறுபடி தெறந்து, மறுபடி மூடி, "இது எந்த செக்‌ஷன்ல வருதுன்னு எழுதிக் கேட்டிருக்கன்"னு போயிடுவாரு. இன்னும் பதிலு வரல.

அப்புறம் வெட்டு குத்து ஆரம்பிச்சுது. முன்னாடியெல்லாம் பங்காளிச் சண்டைன்னா அருவா எடுத்துக்கினு வரப்புல ஓடணும், மூச்சு வாங்கும், வயசானவன் வூட்டுலயே இருந்துடுவான். இப்ப யாரு வேணா கொல்லலாம். எதிரி தோட்டத்துல ஒரு பழம், ஒரு பலகை, ஒரு கத்தி. அண்ணன் தம்பிய அறுத்தான், சம்பந்தி சம்பந்திய அறுத்தான், கல்யாணத்துல மொய் மொறையா எழுதலன்னு ஒருத்தி நாத்தனார நீளவாக்குல ரெண்டாப் பொளந்தா. மொத வருசம் ஏழு பொணம், ரெண்டாம் வருசம் பன்னெண்டு. எங்கயோ சாவற ஆளு கத்தற சத்தம் கேட்டா, மத்தவங்க எந்த வூட்டுலருந்து டக்கு டக்குன்னு பலகைச் சத்தம் வருதுன்னுதான் காதக் குடுப்பாங்க.

மூணாவது வருசம் ஒருத்தனும் நாத்தக் கையால தொடறதில்லன்னு முடிவு பண்ணிட்டான். இந்த முடிவுக்கு வழி காட்டினது திம்மராயன், பஞ்சாயத்துத் தலைவரு. பேசறதுக்கு முன்னாடி தொண்டைய ஒருதரம் செருமுவாரு, அப்புறம், "நான் என்ன சொல்றன்னா..."ன்னு இழுப்பாரு, அதுக்கப்புறம் எல்லாரும் காத்திருக்கணும். "நான் என்ன சொல்றன்னா, வடக்கருந்து பசங்களக் கூட்டியாந்து நடுவோம். நட்டுட்டு ஊருக்குப் போயிடுவானுங்க. அங்க எவன் எங்க அறுபட்டா நமக்கென்னா?" ஊரு தலையாட்டிச்சு. எந்த ஊருல எத்தன பேரு வண்டி ஓட்டறப்பவும் புள்ளயத் தூக்கிக்கினு நிக்கறப்பவும் பொளந்துக்கினாங்களோ, எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் இல்ல.

தலையாட்டாதவன் ஒருத்தன், சென்னப்பன். மல்லம்மா புருசன், திம்மராயனுக்குப் பங்காளி, ஒரே கெணத்துத் தண்ணிய மொற வெச்சுப் பாய்ச்சறவங்க. "நான் தின்ற சோத்துக்கு எவனோ ரத்தம் சிந்த மாட்டான்"னு தன் நாத்தத் தானே நட்டான். மல்லம்மா அப்ப பெங்களூருல இத்தாலிக்காரங்க சாப்பாடு போடற ஓட்டல் ஒண்ணுல அடுப்படி வேலை, பதினஞ்சு நாளுக்கு ஒருதரம் வருவா. ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கெழம வந்தா, வூடு தொறந்து கெடக்கு, அடுப்புல களி ஆறிக் கெடக்கு, புருசன் இல்ல. தோட்டத்துக்குப் போனா. மொதப் பாத்தியில மூணாவது செடியில ஒரு பழம் மட்டும் இல்ல, காம்பு கத்தரியால வெட்டின மாதிரி சுத்தமா நிக்குது. அதுக்கு மொத நாளுதான் தண்ணி மொறைக்காக திம்மராயன் அவன் சட்டையப் புடிச்சாருன்னு ஊருக்கே தெரியும்.

"நான் என்ன சொல்றன்னா, மல்லா, அவன் பெங்களூருக்கு ஓடியிருப்பான். உன்னத் தேடிக்கினு."

"நான் அங்கருந்துதான் வரன் மாமா."

"அப்ப வழியில மாறிப் போயிருப்பீங்க."

ஊரு இதுக்கும் தலையாட்டிச்சு. பொணம் இல்லாததால காரியம் பண்ண முடியல. தாலியக் கழட்டவும் முடியல, மஞ்ச பூசிக்கினு தொட்டுக் கும்பிடவும் முடியல. மல்லம்மா பெங்களூர விட்டுட்டு வந்து பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கச் சேந்தா. கெணறு தூர் வாரினப்ப கயித்தக் கட்டிக்கினு அவளும் எறங்கி சேத்த வெறும் கையால தொழாவினா. ஏரி வத்தினப்ப மொழம் மொழமா நடந்து பாத்தா. வேற ஒண்ணும் கேக்கல, அழல, சாபம் வுடல. எலும்பா இருந்தாலும் பரவால்ல, எங்கன்னு தெரியணும், அவ்ளோதான் அவளுக்கு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி சுதந்திர தினத்துக்கு, பள்ளிக்கூடத்துல காய்கறித் தோட்டம் போடறோம், மொதக் கன்னு தலைவரு கையால வெக்கணும்னு மல்லம்மா போயி கும்பிட்டா. திம்மராயன் அதுவரைக்கும் ஏழு வருசமா செடின்னு ஒண்ணத் தொட்டதில்ல. கன்ன வாங்கி எலையக் கசக்கி மோந்தாரு, தண்டத் திருப்பிப் பாத்தாரு.

"என்ன கன்னு இது?"

"சுண்டக்கா மாமா. புள்ளைங்களுக்கு வயித்துப் பூச்சிக்கு நல்லது."

சுண்டக்காதான், சத்தியமா. பின்னாடி நின்ன நாலு வார்டு மெம்பரும் மோந்து பாத்து ஆமான்னாங்க. தலைவரு குழியில வெச்சு, கட்ட வெரலால மண்ண அழுத்தி, போட்டாக்காரன் "சார், இன்னொருதரம், இங்க பாத்து"ன்னு சொன்னதுக்காக மூணுதரம் அழுத்தினாரு. எங்க ஊருல தக்காளிக்குத்தான் பயப்படக் கத்துக்கிட்டாங்க, சுண்டக்காய்க்கு யாரு பயந்தா?

மறுவாரம் மல்லம்மா அந்தச் சுண்டக்காத் தண்ட ஒரு சாணு மேல பிளேடால வெட்டி, தான் வெதை போட்டு வளத்த தக்காளிக் கொழுந்த அதுல சொருகி, பொடவைக் கரையக் கிழிச்சு ஒட்டுக் கட்டினா. ஓசூர்ப் பக்கம் நாத்துப் பண்ணையில பொம்பளைங்க ஒரு நாளைக்கு ஆயிரம் கட்டறாங்க, பாத்து கத்துக்கிட்டது. ஒட்டு புடிச்சுது. தக்காளி சுண்டக்கா வேருல நின்னு காய்ச்சுது. சமையக்கட்டுக்குப் பின்னாடி கீத்து மறப்புக்குள்ள வளந்த செடிய யாரு எட்டிப் பாக்கப் போறா? அவ அத ஒரு பழமும் அறுக்கல. காத்திருந்தா.

காத்திருந்ததுக்கு வெள்ளக்காரர் வந்தாரு. வெதைக் கம்பெனிலருந்து பியெத்ரோன்னு ஒரு இத்தாலிக்காரர் நம்ம தக்காளியப் பாக்க வராரு, மதியானம் பன்னெண்டு மணிக்கு சமுதாயக்கூடத்துல விருந்துன்னு தலைவரு தண்டோரா போடாத கொற. "நான் என்ன சொல்றன்னா, மல்லா, அவுங்க ஊரு பதார்த்தம் ஒண்ணு பண்ணு. அசந்துடணும்."

"தக்காளியும் பாலாடக்கட்டியும் மாத்தி மாத்தி அடுக்கி ஒண்ணு பண்ணுவாங்க மாமா. ஆனா அதுக்குத் தக்காளிய வில்லை வில்லையா அறுக்கணும். பிசைஞ்சா வராது."

"அறு. என் தோட்டத்துலருந்து ஒரு கூடை அனுப்பறன். நட்ட பசங்க ஒரிசாவுல இருக்கானுங்க."

"ஆவட்டும் மாமா."

அன்னைக்குப் பதினோரு மணிக்கு சமுதாயக்கூடத்து சமையக்கட்டுல மல்லம்மா எல்லாத்தையும் எடுத்து வெச்சா. பாலாடக்கட்டிக்குப் பதிலா சீம்பால். பள்ளிக்கூடத்து ஆயா வூட்டு எருமை முந்தாநேத்து கன்னு போட்டிருந்துச்சு, அந்த மொதப் பால ஆவியில வேவ வெச்சா அசையாம கட்டியா நிக்கும், வெள்ளையா, தொட்டா நடுங்கும். அவுங்க ஊரு எலைக்குப் பதிலா திருநீத்துப்பச்சில. மேல ஊத்த செக்கு நல்லெண்ணெ. புளியும் வெல்லமும் சுண்டக் காச்சின சாறு ஒரு கிண்ணம். கல்லுப்பு. அதுக்குப் பக்கத்துல கிழிச்ச வேட்டித் துணி, ரெண்டு அடுக்கு. எதுக்கு ரெண்டு அடுக்குன்னு அப்ப யாரும் கேக்கல.

தலைவரு வெள்ள வேட்டியில நாற்காலி போட்டு வாசப்படியிலயே ஒக்காந்துக்கிட்டாரு. சிவலிங்கம் நூலோட நிக்கறாரு. ஜன்னல் பூரா தல. ஊருல கத்தியும் தக்காளியும் ஒரே பலகையில வெளிப்படையா ஒக்காந்து ரொம்ப நாளாச்சு இல்ல?

மல்லம்மா கூடைய ஓரமாத் தள்ளினா. மடியிலருந்து ஒரு பழத்த எடுத்து வெச்சா. கொழந்த தலை அளவு, மடிப்பு மடிப்பா, ரத்தச் செவப்பு.

"இது எந்தத் தோட்டம்?"ன்னாரு தலைவரு.

"பள்ளிக்கூடத்துது மாமா."

"நட்டது யாரு?"

"நீங்கதான்."

திம்மராயன் சிரிச்சாரு. "நான் நட்டது சுண்டக்கா."

"ஆமா மாமா. வேரு சுண்டக்காதான்"னு சொல்லிக்கினே அடியில ஒரு வில்லைய சீவிட்டா.

தலைவரு செருப்புக்குள்ள ரெண்டு உள்ளங்காலும் வாயத் தொறந்துச்சு. அவரு கத்தின கத்துல ஜன்னல்ல இருந்த தலையெல்லாம் ஒரு தரம் உள்ள போயி வெளிய வந்துச்சு. "புடிங்கடா அவள!" நாலு பேரு பாஞ்சாங்க. மல்லம்மா கத்தியக் காம்போரமா வெச்சா. "வாங்கணா. நான் ஒரே அழுத்து." நாலு பேரும் போட்டா புடிச்ச மாதிரி நின்னுட்டாங்க.

அப்பத்தான் சிவலிங்கம் கத்தினாரு: "ஏம்மா, உன் காலு! உன் காலுலயும் வருதும்மா!"

வேரு தலைவரு கட்ட வெரலு அழுத்தினது, ஒட்டு இவ கட்ட வெரலு கட்டினது. பழத்துக்கு ரெண்டு பேரும் சொந்தம். மல்லம்மா குனிஞ்சு தன் காலப் பாத்துட்டு, துணி அடுக்க அவரு பக்கம் நவுத்தினா. "தெரியும்ணா. ஒண்ணு மாமாவுக்கு, ஒண்ணு எனக்கு. கட்டுங்க." அப்புறம் நிமுந்து கேட்டா, "என் புருசன் எங்க மாமா?"

"பெங்களூருல..."

ரெண்டாவது வெட்டு. கணுக்கால். ரெண்டு பேருக்கும்.

"ரயில்ல வுழுந்துட்டான், சத்தியமா, எனக்கு யாரோ சொன்னாங்க..."

மூணாவது. மொழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கோடு போட்ட மாதிரி. தலைவரு நாற்காலியிலருந்து சரிஞ்சாரு. மல்லம்மா சரியல, பலகையோட ஓரத்தப் புடிச்சுக்கிட்டா, அவ பொடவை முட்டிக்குக் கீழ ஈரமாயி தரையில சொட்டுது, அவ வில்லைய மட்டும் அசங்காம எடுத்து தட்டுல வெச்சா. எல்லாம் ஒரே கனம். பெங்களூரு ஓட்டல்ல ஒம்பது வருசம் அதத்தான செஞ்சா.

"கெணத்துல போட்டன்! கெணத்துல!"

"கெணத்துல நான் எறங்கிப் பாத்தன் மாமா." நாலாவது. முட்டி பொளந்த சத்தம் கேட்டுது, வெத்தல கிழியற மாதிரி. ஜன்னல்ல ஒருத்தி வாந்தி எடுத்தா. எவனோ, "சொல்லித் தொலைங்க தலைவரே, அந்தப் பொண்ணு செத்துடும்"னான். மல்லம்மா அந்தப் பக்கம் திரும்பினா. "ஏன்ணா, உனக்குத் தெரியாதா? தெரிஞ்சா நீயே சொல்லேன்." ஜன்னல் காலியாச்சு. கொஞ்சம் கொஞ்சமா மறுபடி ரொம்பிச்சு.

அஞ்சு தொடை. ஆறு வயிறு. தலைவரு தன் கொடலத் தானே கையால புடிச்சுக்கினு தரையில கெடக்கறாரு, அவளும் ஒரு கையால வயித்த அமுத்திக்கினு ஒரு கையால அறுக்கறா. ஏழாவது வெட்டு நெஞ்சுல விழுந்துச்சு. கொஞ்சம் தடிமனா. மேல பாக்கி இருந்தது கழுத்தும் தலையும் காம்பும்தான். அவ கத்திய அங்க கொண்டு போனா.

"நான்..."ன்னாரு திம்மராயன். வாயிலருந்து நொரையா ரத்தம். "நான் என்ன..." "நான் என்ன சொல்றன்னா..." இத்தன வருசத்துல அவரு வார்த்தைக்கு நாங்க இப்படிக் காத்துக் கெடந்ததில்ல. "நாலா அறுத்தன். நாலு மூட்டை. நீ நிக்கிற எடத்துலதான், மல்லா. தரை போடறதுக்கு மொத நாளு."

மல்லம்மா குனிஞ்சு தரையப் பாத்தா. செவப்புக் காவி போட்ட சிமிட்டித் தரை. அது மேல அவ ரத்தம். டக்குன்னு ஒரு கால எடுத்தா. எடுத்த கால எங்க வெக்கறதுன்னு தெரியாம அப்படியே நின்னா.

ஆறு வருசம். அந்தக் கூடத்துல முப்பத்திரண்டு கல்யாணம், அம்பது காதுகுத்து, ஒவ்வொண்ணுக்கும் அந்தத் தரை மேலதான் அண்டா ஏத்தினது. இருவது பேரு அங்க ஒக்காந்து தேங்கா துருவுவாங்க. மல்லம்மாவே எத்தனையோ தடவ அங்க நின்னு பாயசம் கிண்டியிருக்கா.

"திங்கணும்! சீக்கிரம் திங்கணும்! ரெண்டு பேரும் போயிடுவாங்க!"ன்னு சிவலிங்கம் தட்டத் தாவிப் புடிக்கப் போனாரு. மல்லம்மா கத்தியால அவரு கைய வெலக்கினா.

"இருங்கணா. பச்சயா தரமாட்டன். ஒழுங்காப் பண்ணித்தான் தருவன்."

பண்ணா. நெஞ்சு தொறந்து கெடக்க, ஒரு வில்லை தக்காளி, ஒரு வில்லை சீம்பால், ஒரு பச்சில, மறுபடி தக்காளி, செவப்பு வெள்ள பச்ச, செவப்பு வெள்ள பச்ச, மேல எண்ணெய நூலா விட்டு, புளிச்சாறப் புள்ளி புள்ளியா வெச்சு, உப்ப வெரலால நொறுக்கித் தூவினா. ஏழு வில்லை தட்டுல. காம்போட இருந்த எட்டாவத மட்டும் தன் இடது கையில மூடிக்கிட்டா.

"திங்கறவன் கடப்பாறை புடிக்கணும். அதுக்கு ஒத்துக்கறவன் மட்டும் வாங்க. மேஸ்திரிணா, நீங்க மொதல்ல."

பெருமாள் மேஸ்திரிதான் அந்தத் தரையப் போட்டவரு. அழுதுக்கினே வந்தாரு. "மூட்டையில தவுடுன்னாரும்மா. ஈ மொய்ச்சுது. தவுடுன்னாரு, நானும் தவுடுன்னு நெனச்சுக்கிட்டன்." பாதத்து வில்லையத் தின்னாரு. கடப்பாறைய எடுத்தாரு. அடுத்து தண்ணி மொற பாக்கறவன். அடுத்து அந்த நாலு வார்டு மெம்பருங்க. ஒவ்வொருத்தனும் முழுங்க முழுங்க ரெண்டு ஒடம்புலயும் ஒவ்வொரு காயமா கீழருந்து மூடிக்கினு வந்துச்சு, ஒவ்வொருத்தனும் முழுங்கிட்டு தரைய ஓங்கிக் குத்தினான்.

ஆறு வில்லை ஆச்சு. பன்னெண்டு மணிக்கு கார் வந்துச்சு.

பியெத்ரோ சாரு கும்பிட்டுக்கினு உள்ள வராரு, பின்னாடி கம்பெனி ஆளு மொழிபெயர்க்க. உள்ள ஆறு பேரு தரைய ஒடைக்கறாங்க, தலைவரு ரத்தத்துல படுத்துக்கினு கும்பிடு போடறாரு, சமையக்காரம்மா நெஞ்சப் புடிச்சுக்கினு தட்ட நீட்டறா. அவரு சுத்திப் பாத்தாரு. ஊருக்கு ஊரு ஒரு வழக்கம்னு நெனச்சாரோ என்னவோ, நல்ல மனுசன், வாங்கி ஒரு வாய் வெச்சாரு. கண்ண மூடினாரு. என்னவோ சொன்னாரு. கம்பெனி ஆளு சொன்னான், "எங்க அம்மாகூட இப்படிப் பண்ணதில்லன்றாரு." முள்கரண்டியத் தட்டுல வெச்சாரு. ஓரத்துல ரவையூண்டு தோலு.

"தோலு!"ன்னு ஊரே கத்திச்சு. "முழுங்குய்யா! முழுங்கச் சொல்லுய்யா அவர!" பாவம், பதறிப் போயி தோலு, எலை, சீம்பாலு எல்லாம் வழிச்சு முழுங்கிட்டு தட்டையும் ஒருதரம் நக்கிட்டாரு. வயித்துக் காயம் மூடிச்சு. அப்புறம் என்ன தோணிச்சோ, சட்டக் கையச் சுருட்டிவிட்டு, அவரும் ஒரு கடப்பாறைய எடுத்தாரு.

நெஞ்சுக் காயம் மட்டும் மூடல. மேலத் துண்டு மல்லம்மா கையில.

ரெண்டு அடி ஆழத்துல மொத எலும்பு. அப்புறம் மத்ததெல்லாம், நாலு கும்பலா, அவரு சொன்ன மாதிரியே. ஒரு கும்பல்ல வெள்ளி அரணாக்கயிறு, கொக்கி ஒடஞ்சு செப்புக் கம்பியால முறுக்கினது. முறுக்கினது மல்லம்மா. அவ குழியோரம் ஒக்காந்து, ஒரு கையாலயே தாலியக் கழட்டி, அந்தக் கயித்து மேல வெச்சா.

ரெண்டு நெஞ்சுலருந்தும் ரத்தம் நிக்காம போவுது. உதடு வெளுத்துப் போச்சு. திம்மராயன் ஊர்ந்துக்கினே வந்தாரு. "தின்னுமா, மல்லா. என் தாயி. எனக்காக இல்ல, உனக்காக தின்னு." சுத்தி நின்னவங்க எல்லாம் அதையே சொல்றாங்க, "தின்னுடு மல்லா, தின்னுடு." ஆறு வருசம் அவ தேடினப்ப ஒரு வார்த்த சொல்லாத வாய்ங்க.

மல்லம்மா கையத் தொறந்து அந்தத் துண்டப் பாத்தா. குழியப் பாத்தா. அப்புறம் கல்லுப்புல ஒருதரம் தொட்டு வாயில போட்டா. மெதுவா மென்னா. முழுங்கிட்டு, காம்பத் துப்பி திம்மராயன் உள்ளங்கையில வெச்சா.

"முழு ஒடம்போட போங்க மாமா. ஜெயிலுக்கு."

எஸ்.ஐ. வந்தாரு. நோட்டப் பிரிச்சாரு. எலும்பு இருக்கு, எடம் இருக்கு, ஊரு மொத்தமும் சாட்சி. மொத தடவையா கடைசி வரைக்கும் எழுதி முடிச்சாரு. தலைவரு மேல ஒரு கீறல் இல்ல.

செடி இன்னும் பள்ளிக்கூடத்துப் பின்னாடி நிக்குது. ஊரு மொற வெச்சு காவல் காக்குது, அந்தப் பழத்துல மல்லம்மா ஒடம்பும் இருக்கு இல்ல? அவ தெனமும் தண்ணி ஊத்தறா, பழுத்தத முழுசாப் பறிச்சு கடிச்சே தின்னுடறா. கத்தி மட்டும் இடுப்புல சொருகியே இருக்கும்.

சேலத்து ஜெயில்லருந்து மாசா மாசம் அவளுக்கு ஒரு கார்டு வரும். சென்சார் முத்திரை அடிச்சு, ஒரே ஒரு வரி. "நான் என்ன சொல்றன்னா, மல்லா, இந்த மாசம் எத்தன காய்ச்சிருக்கு?"

அவ படிச்சுட்டு அடுப்புல போட்டுடுவா.